முந்திக்கொண்ட நன்றிப் பூசை

புக்கிட் பெருவாங், மலாக்கா
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட மாலை

அன்பு மகள் மெலிசாவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அம்மாவும் நலம், கொல்லையில் குட்டி போட்ட பூனையும் நலம், டொராண்டோவில் குளிர் தொடங்கிய பிறகு நீயும் உன் தொண்டையும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. வாட்சப்பில் நான் எதை அனுப்பினாலும் "ஓக்கே பா, பிசி" என்று போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாய், காகிதமாக வந்தால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும் அல்லவா. எதிர்வீட்டு காண்டீபன் அங்கிளின் மகள் ஜனகா வியாழக்கிழமை உன் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அவள் பெட்டியில் இந்தக் கடிதமும் அம்மா அரைத்து வைத்த மசாலாத் தூளும் வரும். தூள் வாசனை ஜனகாவின் குளிர்ச்சட்டையில் ஏறிவிடுமோ என்று அங்கிளுக்குக் கவலை, அம்மா பைக்குள் பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை என்று சுற்றிக் கொடுத்து அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இங்கே மதியமானால் மழை, மழை விட்டால் வெயில், இரண்டும் சேர்ந்து ரோட்டிலிருந்து ஆவி கிளம்பி எதிர்வீடே மிதப்பதுபோல் தெரிகிறது. நான் ரிட்டயர் ஆனதிலிருந்து இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் கிடைத்துவிட்டது. குருபோங் தொழிற்சாலையில் அத்தனை வருடம் ஷிப்ட் பார்த்தபோது மழை என்றால் லாரி தாமதமாகும் என்பது மட்டும்தான் தெரியும். உன் அண்ணன் டெஸ்மண்டின் குட்டிப் பையன் நடக்கத் தொடங்கிவிட்டான், நேராக அல்ல, நண்டு மாதிரி பக்கவாட்டில். போன சனிக்கிழமை மீன் வாங்க அம்மாவோடு கோலா சுங்கை பாருவுக்குப் போயிருந்தேன். அவள் படகுக்காரர்களிடம் விலை பேசப் போனாள் என்றால் எனக்கு ஒரு தூக்கம் போடலாம் என்று உனக்குத் தெரியும். காரிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் நம் கோயில் பாடகர் குழுவில் நீ தடியான குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறாய், நான் கீபோர்டு வாசிக்கிறேன், மற்றவர்கள் எல்லாரும் வியர்த்து விசிறிக்கொண்டிருக்கிறார்கள், நீ மட்டும் வாயிலிருந்து புகை வரப் பாடுகிறாய். என்ன பாட்டு என்று கேட்கலாம் என்று திரும்பினால் அம்மா கண்ணாடியைத் தட்டுகிறாள், கையில் கெளுத்தி மீன். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நீ பின்சீட்டில் இருப்பதாகவே எனக்கு இருந்தது, கடல் பக்கம் ஜன்னலை இறக்கிவிட்டேன், உனக்குக் காற்று வரட்டும் என்று.

உன் பரீட்சை விஷயத்துக்கு வருகிறேன். சட்டக் கல்லூரியில் நுழைவதற்கு ஒரு பரீட்சை, அதில் சட்டமே கிடையாது, யோசிக்கத் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் என்று நீ முதலில் சொன்னபோது எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு மாதிரிக் கேள்வி அனுப்பியிருந்தாயே, ஆற்றுக்குப் பாலம் கட்ட வேண்டும் என்று ஒரு ஊர் மேயர் வாதாடுவார், அந்த வாதத்தைப் பலவீனமாக்குவது கீழே எது என்று கேட்டிருக்கும். அம்மாவும் நானும் சாப்பாட்டு மேசையில் வைத்து அதைப் போட்டோம். அம்மா பதிலைத் தேடவே இல்லை, "இந்த ஆளு சொல்றதே சரியில்லயே, இவனுக்கு யாரு ஓட்டுப் போட்டா" என்று மேயரோடு சண்டைக்குப் போய்விட்டாள். நான் அதைவிட மோசம், அந்தப் பாலத்தைக் கட்டினார்களா, அக்கரையில் யார் இருக்கிறார்கள், இத்தனை நாள் படகோட்டியவன் இனி என்ன செய்வான் என்று யோசித்துக்கொண்டே போய் விடையைக் கோட்டைவிட்டேன். இப்படிப்பட்ட அப்பா அம்மாவுக்குப் பிறந்தும் நீ அதில் முக்கால்வாசிக்கு மேல் சரியாகப் போடுகிறாய் என்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் நூற்று எண்பதுக்கு ஒரு சனிக்கிழமை நூற்று அறுபத்தெட்டு, அடுத்த சனிக்கிழமை நூற்று அறுபத்தொன்று, பிறகு நூற்று எழுபது என்று உன் பயிற்சி மார்க் ஏறி இறங்கும்போது வீடே சேர்ந்து ஏறி இறங்கியது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏறினால் அம்மா கேசரி கிண்டுவாள், இறங்கினால் நம் தெருக் கோயில் குடும்பங்கள் கூடும் அன்பியத்தில் உன் பேருக்குச் செபமாலை கூடுதலாகச் சொல்லுவார்கள். அங்கே வரும் அன்னம்மா அக்கா ஒருநாள் என்னிடம், "இந்த வாரம் ஏறுச்சா, இல்ல முழங்கால் போடணுமா" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதே பிள்ளை, அதே மூளை, ஒரே வாரத்தில் எங்கே போய்விடப் போகிறது என்று எனக்குத் தோன்றும். சில ஞாயிறு நான் கீபோர்டைத் தொட்டதும் பாட்டு தானாக வரும், சில ஞாயிறு விரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும், அதற்காக நான் வாசிக்கத் தெரியாதவனாகிவிட்டேனா என்ன.

அப்புறம்தான் அந்தப் பூசை நடந்தது. நீ போனில் "அம்மா, நூத்தி எழுபது வந்துருச்சு!" என்று கத்தினாய். அந்தக் குரலைக் கேட்டு அம்மா அதுதான் உண்மைப் பரீட்சை, முடிவே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே கோயில் ஆபீசுக்குப் போய் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த வாரம் தமிழ்ப் பூசை தொடங்கும்முன், சட்டப் பரீட்சையில் மகள் மெலிசா வெற்றி பெற்றதற்காக ரெஜினால்ட், பிரிஜிட் குடும்பத்தார் நன்றி செலுத்துகிறார்கள் என்று மைக்கில் வாசித்தார்கள். நான் கீபோர்டில் உட்கார்ந்திருந்தவன் முதல் பாட்டை வேறு சுருதியில் எடுத்துவிட்டேன். பூசை முடிந்ததும் டெஸ்மண்ட் பிரியாணியோடு வந்து நிற்கிறான், அவனுக்கும் அம்மா சொல்லியிருக்கிறாள், ஆளாளுக்கு வந்து கை கொடுக்கிறார்கள், "லாயரம்மாவோட அப்பா" என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். அவன் எடுத்த படத்தைப் பார்த்துத்தானே நீ போன் அடித்து, ஐயோ அது வெறும் பயிற்சி என்று சொன்னாய். அம்மா அரண்டுதான் போனாள், ஆனால் அசரவில்லை, "இன்னைக்கு வந்தது அன்னைக்கும் வரத்தான போவுது, விடுலா" என்று உன்னையும் என்னையும் அடக்கிவிட்டாள். யாரிடமும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் உன் மார்க் இறங்கத் தொடங்கியது. முன்பும் இறங்கியிருக்கிறது, ஆனால் மறுபடி ஏறும். இப்போது இறங்கியது இறங்கியபடியே இருக்கிறது. நான் கணக்குப் புலி இல்லை, ஆனாலும் இது எனக்குப் புரிந்தது. முன்பு நீ கேள்வித்தாளோடு தனியாக உட்கார்ந்தாய், இப்போது உன் முதுகுக்குப் பின்னால் பிரியாணி சாப்பிட்ட அத்தனை பேரும் நிற்கிறார்கள். கடைசியாகப் பேசியபோது நீ அழுதாய். "ஊருக்கெல்லாம் பாஸுன்னு சொல்லியாச்சு, இனிமே நான் போயி ஃபெயிலாகி நிக்கணுமாம்மா, நான் பரீட்சையிலேருந்து பேர எடுத்துடறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் வருவதில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்டு, வேலைக்குப் போகும்முன் விடியலில் எழுந்து படித்த பரீட்சையை எங்கள் அவசரத்துக்குப் பயந்து நீ விட்டுவிடுவாயோ என்பதுதான் இந்த வீட்டில் இப்போது இருக்கும் ஒரே கவலை. வேறு எதுவும் கவலை இல்லை, கேஸ் அடுப்பு சரியாக எரியாததைத் தவிர.

அதனால்தான் போன ஞாயிறு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், நான் சொல்லப் போகிறேன். பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கும் நேரம், அன்று வாசகம் வாசிக்கும் முறை அம்மாவுக்கு இல்லை, இருந்தாலும் எழுந்து பீடத்துப் பக்கம் நடந்தாள். ஃபாதரிடம் ஏதோ சொன்னாள், அவர் மைக்கை விட்டுக் கொடுத்தார். உன் அம்மாவை உனக்குத் தெரியும், மழலைப் பள்ளியில் டீச்சராக இருந்து இருந்து, உலகத்தில் எல்லாரையும் கை கட்டி வரிசையில் நிற்கச் சொல்கிறவள், தன் வாயால் தான் செய்தது தப்பு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள், "என் மக இன்னும் பரீட்சையே எழுதல. அவ சொன்னது பயிற்சி மார்க்கு. நாந்தான் அவசரப்பட்டு நன்றி சொல்லிட்டேன், புள்ள மேல தப்பில்ல. தயவு செஞ்சு யாரும் அவகிட்ட மார்க்கு கேக்காதீங்க, நானும் கேக்க மாட்டேன்." எனக்கு ஏதாவது வாசித்து அவளுக்குத் துணை போகலாமா என்று கை பரபரத்தது, ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து அன்னம்மா அக்கா உட்கார்ந்தபடியே உரக்கச் சொன்னார், "நன்றி சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் பிரிஜிட். இப்படி ஒரு புள்ளயப் பெத்ததுக்குன்னு வெச்சுக்க." எல்லாரும் சிரித்தார்கள், ஃபாதரும் சிரித்தார், அம்மா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி வந்தாள். வரும் வழியில் ஆயர் குரோ நெடுஞ்சாலைப் பக்கம் சிங்கப்பூர் கார்களாக வரிசை கட்டி நிற்கிறது, நாங்களும் நின்றோம், அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வரிசை கொஞ்சம் நகர்ந்ததும் "அந்தக்கா சொன்னது சரிதானங்க" என்றாள். சரிதான் என்றேன்.

ஆகவே மெல், இங்கே இப்போது உன் நம்பருக்காகக் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. பேரை எடுக்க வேண்டும் என்றால் எடு, இன்னும் படிக்க நாள் வேண்டும், உடம்பு முடியவில்லை என்று உனக்கே தோன்றினால் எடு. எங்கள் முகத்துக்குப் பயந்து மட்டும் எடுக்காதே. எழுதுவதாக இருந்தால் இந்தக் கடைசி நாட்களில் பயிற்சித் தாளைத் தினமும் போட்டு உன்னை நீயே துரத்தாதே, தப்பாகப் போட்டதை ஆற அமர உட்கார்ந்து பார், மத்தியானம் கொஞ்சம் வெளியே நட, சூடாகச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே நாளை ஓட்டாதே. பரீட்சைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை மறக்காதே. அதில் உன் பேருக்கும் என் பேருக்கும் நடுவில் ஏ/பி என்று இருக்கிறதே, பதிவு செய்த பேரிலும் அப்படியே இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள், வாசலில் அங்குள்ளவர்கள் இது என்ன என்று கேட்டால் பதறாமல், ரெஜினால்டின் மகள் என்று அர்த்தம் என்று சொல். எனக்கு என்ன ஆசை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீ எழுத வேண்டும் என்றுதான் ஆசை. நூற்று எழுபது வாங்குவதற்காக அல்ல, அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசும்போது உன் குரலில் ஒரு துள்ளல் இருந்தது, அதற்காக.

மாதாவின் துணை எப்போதும் உன்னோடு இருக்கட்டும், நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் ஆண்டவர் தரட்டும், அண்ணனும் அண்ணியும் குட்டிப் பையனும் முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை, இந்த ஞாயிற்றுக்கிழமை உன் காலைக் கோப்பி நேரத்தில், எங்களுக்கு ராத்திரி, கூப்பிடு. மார்க் கேட்க மாட்டேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "அத விட்டா அவகிட்ட வேற என்னங்க கேக்கறது" என்று என்னிடம் கேட்டாள். அதனால் இந்த முறை நீயே முதலில் பேசத் தொடங்கு, மா.

என்றும் உன்
அப்பா
ரெஜினால்ட்