நீர் பேசவிருந்த மேடை

இஞ்சாரும், மலர்.

இந்த மாதம் உமக்கு ஆண்டுத் திவசம். உம்முடைய படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதையோடு பேப்பரில் நினைவஞ்சலி கொடுக்கச் சொல்லி கனடாவிலிருந்து மகன் ரெலிபோன் எடுத்துச் சொன்னான். அந்தப் பக்கத்தை வாசிக்கும்போதெல்லாம் நீர் சிரிப்பீர். "செத்த ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரி நல்லவையாம்" என்பீர். அதனால் கவிதையை விட்டுவிட்டு நானே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். நான் கதைப்பது உம்மோடு.

உம்மைத் தெரியாதவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சையை நீர் எழுதி முடிக்கவிடாமல் நாட்டுப் பிரச்சினையும் சண்டையும் வந்தன. அதன் பிறகு கல்யாணம், பிறகு பிள்ளை. மகன் கனடாவுக்குப் போன பிறகுதான், ஐம்பதை நெருங்குகிற வயதில், வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு நீர் பதிந்தீர். பாடம் புவியியல். சனி, ஞாயிறுகளில் வகுப்பு. துறைமுகத்தில் இழுவைக் கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த எனக்கு, நீர் இல்லாத சனி, ஞாயிறுகளைப் பழகிக்கொள்ளவே கனகாலம் எடுத்தது. இப்போது எல்லா நாளும் அப்படித்தான்.

உங்கள் அணியில் முதலாம் வகுப்பில் சித்தியடைந்தது நீர் மட்டும்தான். பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பில் பேசவும் உம்மைத்தான் கேட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நீர் தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டீர். விழா தள்ளிப் போனது, திரும்பவும் தள்ளிப் போனது. நீர் பாட்டுக்குக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு, சமைத்துக்கொண்டே பேசிப் பழகினீர்.

"என்ன பேசப் போறீர், எனக்கும் சொல்லும்" என்று கேட்டேன்.

"மண்டபத்துக்கு வந்து கேளுங்கோ. இப்பவே கேட்டா அண்டைக்கு நித்திரை கொள்ளுவியள்" என்றீர்.

கதவுக்கு அப்பால் உம்முடைய குரல் ஏறி இறங்குவது கேட்கும். சொல் விளங்காது. பேச்சை நீர் எழுதி வைக்கவுமில்லை. ஒரு காலையில் நெஞ்சு நோகுது என்றீர். ஆஸ்பத்திரியில் மத்தியானம் தாண்டவில்லை.

விழாத் திகதி வந்தபோது நீர் இல்லை. பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தாள். பட்டத்தைத் தங்கள் கந்தோருக்கே வந்து எடுக்கலாம், விரும்பினால் மண்டபத்துக்கு வந்து மேடையிலேயே வாங்கலாம், ஆனால் பெயர் எல்லாருக்கும் கடைசியாகத்தான் வாசிப்பார்கள் என்றாள்.

"முதலாம் வகுப்பெல்லோ பிள்ளை, அவையைத்தானே முதல் கூப்பிடுவினம்?"

"ஓம் ஐயா. ஆனா இறந்த ஆக்கள் கடைசி. முறை அப்படி."

மேடைக்கு வாறன் என்று சொன்னேன்.

அந்தக் கிழமையே றிஸ்வானா வந்தாள். உம்மோடு படித்த மூதூர்ப் பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"அங்கிள், அன்ரிக்குப் பதிலா என்னைப் பேசச் சொல்றாங்க. உங்களிட்டக் கேக்காம ஓம் எண்டு சொல்ல மனம் வரல்ல."

"பேசும் பிள்ளை. அவ இருந்தாலும் அதைத்தான் சொல்லுவா."

உம்முடைய பேச்சு எங்காவது எழுதிக் கிடக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

விழாவன்று உம்முடைய தம்பியின் கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பஸ் நிலையத்தில் வழக்கம்போல, ஊருக்குள் திரிகிற மான்கள் படுத்திருந்தன. மண்டபத்தில் பெற்றோருக்கென்று ஒதுக்கிய கதிரைகளில் என்னையும் இருத்தினார்கள். பக்கத்தில் புல்மோட்டையிலிருந்து வந்த ஒரு மனிதர். மகன் பட்டம் எடுக்கிற சந்தோசத்தில் யாரோடாவது கதைக்க வேண்டும் போல இருந்தது அவருக்கு.

"உங்களுக்கு மகனா, மகளா?"

"என்ர மனிசி."

"மாஷா அல்லாஹ். இந்த வயசிலயா? எங்க இருக்கிறாங்க?"

கறுப்பு மேலங்கிகளோடு வரிசை வரிசையாக இருந்த பக்கத்தைக் காட்டி, "அதுக்குள்ள இருக்கிறா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் எட்டி எட்டி உம்மைத் தேடினார். அவரோடு சேர்ந்து நானும் தேடினேன், மலர்.

றிஸ்வானா நன்றாகவே பேசினாள். வெள்ளத்தில் பாதை மூடியும் வகுப்புக்கு வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். நகை அடகு வைத்துப் படிப்பித்த தாய்மாரைப் பற்றிச் சொன்னாள். விரிவுரையாளர்களுக்கு நன்றி சொன்னாள். இப்போது உம்முடைய பெயர் வரும், இப்போது வரும் என்று நான் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டேன். அவள் வணக்கம் சொல்லி இறங்கிப் போனாள். சனம் கைதட்டியது.

உம்முடைய பெயர் வரவில்லை.

எனக்கு வந்ததைக் கோபம் என்று சொல்ல ஏலாது. இவ்வளவு சனத்துக்குள் உம்மைத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று பட்டது. நானும் போய்விட்டால் பிறகு யார்?

பெயர்கள் முடிகிற நேரம் பாதிப் பேர் எழும்பிப் படம் எடுக்கப் போய்விட்டார்கள். "அமரர் சிவமலர் யோகராசா, முதலாம் வகுப்பு. அவர் சார்பில் கணவர்" என்று வாசித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் எழும்பி நடந்தேன். உபவேந்தர் ஏதோ மெதுவாகச் சொன்னார், காதில் விழவில்லை. படம் பிடிக்கிறவர், "இஞ்ச பாருங்கோ ஐயா, கொஞ்சம் சிரியுங்கோ" என்றார். அந்தப் படத்தில் நான் சிரித்தபடிதான் நிற்கிறேன்.

திரும்பி வந்தபோது புல்மோட்டைக்காரர் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். குடையைத் தந்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவருடைய மகன் வந்து கூப்பிடும் வரைக்கும் விடவில்லை.

வெளியில் றிஸ்வானா மேலங்கியோடு ஓடி வந்தாள். நான் அவளைக் காணாதது போலப் போகப் பார்த்தேன்.

"அங்கிள், கோவிக்காதீங்க. அன்ரியைப் பத்தித்தான் முதல்ல சொல்ல இருந்தனான். ஒத்திகையில அந்த இடம் வந்தா குரல் அடைச்சுப் போகுது. மூணு தரம் பார்த்தாங்க. மேடையில அழுதா எல்லாம் குழம்பிப் போகும், அதை விட்டுட்டுப் பேசும்மா எண்டு எங்கட லெக்சரர் சேர் சொல்லிட்டார்."

"பரவாயில்லை பிள்ளை" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். ஆனால் எனக்குப் பரவாயில்லை என்று இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து பட்டத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் காட்டவில்லை. மகனிடம் கூட, எல்லாம் நல்லாய் நடந்தது என்று மட்டும் சொன்னேன்.

சில கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் அவளைப் பெற்ற உம்மாவும் வந்தார்கள். உம்மா ஒரு சட்டி எருமைத் தயிரை மேசையில் வைத்தார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போக, றிஸ்வானாவும் பின்னால் வந்தாள்.

"அங்கிள், நான் விட்டதை இப்ப சொல்லட்டா?"

அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். உம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். பிள்ளை முக்காட்டைச் சரி செய்துகொண்டு, சபைக்குச் சொல்வது போலவே தொடங்கினாள்.

"எங்கள் வகுப்பில் சிவமலர் என்று ஒருவர் இருந்தார். முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது, விரிவுரையாளர் வருகிறார் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவரும் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு எங்களோடு சேர்ந்து நின்றார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர் அப்படித்தான் நின்றிருப்பீர்.

மத்தியான வகுப்பில் நீர் நித்திரை கொள்வதையும், முழித்தவுடன் யாருக்கும் தோன்றாத கேள்வி ஒன்றைக் கேட்பதையும் சொன்னாள். புள்ளி குறைத்த விரிவுரையாளரிடம் வரைபடத்தோடு போய், விளங்கும் வரை திரும்பி வராமல் நின்றதைச் சொன்னாள். பிறகு குரல் இறங்கியது.

"என் வாப்பா எங்களை விட்டு மவுத்தாகிப் போன வருடம் நான் படிப்பை விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை அவர் வகுப்புக்குப் போகாமல் மூதூருக்கு பஸ் ஏறி வந்தார். எனக்குப் புத்தி சொல்லவில்லை. என் பக்கத்தில் பாயில் இருந்து, 'இந்தப் பாடம் எனக்கு விளங்கேல்ல, நீர் சொல்லித் தாரும்' என்றார். பொழுதுபடும் வரை நான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கிழமை வகுப்புக்குப் போனேன். அந்தப் பாடத்தில் அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது."

இந்த இடத்தில் அவளுக்குக் குரல் அடைத்தது. நிறுத்தினாள். நான் காத்திருந்தேன், உம்மாவும் காத்திருந்தார். அவசரப்படுத்த அங்கே ஒருவரும் இல்லை. மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பவும் தொடங்கி, கடைசி வரை சொல்லி முடித்தாள்.

நான் எழும்பி நின்று கைதட்டினேன். உம்மாவும் தட்டினார். அந்தச் சின்னக் குசினியில் சத்தம் பெரிதாகவே கேட்டது.

மூதூருக்குப் போனதை ஏன் எனக்குச் சொல்லவில்லை? சொல்ல ஒன்றுமில்லை என்று நினைத்தீரா? நீர் அன்றைக்குப் பேசவிருந்தது என்ன என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? அவர்கள் போன பிறகு, தயிருக்குச் சீனி போட்டுக்கொண்டு அதே கதிரையில் கனநேரம் இருந்தேன். வீடு பழையபடி ஆகிவிட்டது. சில நாள்களில் பகல் முழுக்க ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்து, பின்னேரம் கடையில் பாண் கேட்கும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கிறது. மகன் அங்கே வரச் சொல்கிறான். அந்தக் குளிருக்கு எனக்கு ஏலாது. அங்கே உம்மைத் தெரிந்தவர்களும் இல்லை.

போகும்போது உம்மா சொல்லிவிட்டுப் போனார்: "நோன்புப் பெருநாளைக்கு எங்கட ஊட்டுக்கு வாங்க. தனிய இருந்து சாப்பிடாதீங்க." அன்று நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உமக்குத்தான் இப்போது சொல்கிறேன். பெருநாளன்று காலை பஸ்ஸில் மூதூருக்குப் போவேன். அந்த வீட்டில் சொந்தக்காரர், அயலவர் என்று கனபேர் இருப்பார்கள். என்னை ஆர் என்று கேட்பார்கள். முதலாம் வகுப்பில் சித்தியடைந்த சிவமலரின் மனிசன் என்று சொல்வேன். அவ எங்கே என்று கேட்டால், செத்துப்போனா என்று சொல்லி, அவர்களுக்கு உம்மைப் பற்றிக் கதைப்பேன்.

உம்முடைய மனிசன்,
யோகராசா
உவர்மலை, திருகோணமலை