திட்டும்போது பச்சை

மார்ச் 3, செவ்வாய்

கைப்பட்டை தயாராகிவிட்டது. கட்டியவரின் மனநிலையைச் சொல்லும்: பச்சை எரிந்தால் நிம்மதி, மஞ்சள் என்றால் பயம், சிவப்பு என்றால் கோபம். வடிவமைத்தவள் நான். இருபதாம் தேதி ஒரு முதலீட்டாளர் பார்க்க வருகிறார். அதற்குள் வீட்டு மனிதர்களுக்குக் கட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார் முதலாளி.

வீட்டுக்காரர் கையில் கட்டினேன். தூங்கும்போதும் பச்சை, விழித்திருக்கும்போதும் பச்சை. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியாது, பட்டை பாவம் என்ன செய்யும்?

மிச்சம் இருப்பது அத்தைதான்.

மார்ச் 4, புதன்

அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி வரைக்கும் விசில் வாங்கியதே இல்லையாம். அந்தக் குரலுக்கு விசில் எதற்கு?

"என் மனசு எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு மிஷினா?" என்றார். என்றாலும் கையை நீட்டினார்.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிய இருட்டிவிட்டது. ஸ்கூட்டரை நிறுத்திக் கதவைத் திறந்தேனோ இல்லையோ, பிடித்துக்கொண்டார்.

"வீடுன்னு ஒண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்கா? கையில போன் எதுக்கு வச்சிருக்கே, அழகு பாக்கவா?"

எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. தற்செயலாக அத்தையின் கையைப் பார்த்தேன்.

பச்சை. இளம் தளிர் மாதிரி, குளுகுளுவென்று.

அடப்பாவமே! என்னைத் திட்டுவதில் இவ்வளவு நிம்மதியா?

மார்ச் 6, வெள்ளி

இன்றும் அதே. வாயில் இடி, கையில் பச்சை.

"ஏங்க, என்னைத் திட்டினாத்தான் உங்க அம்மாவுக்குச் சோறே செரிக்கும் போலிருக்கு" என்றேன்.

"சின்ன வயசுல என்னைத் திட்டினாங்க. இப்ப உன் முறை" என்று சிரிக்கிறார். சிரிப்பா வருது இவருக்கு! சிரிக்கட்டும். கல்யாணம் ஆனதிலிருந்து வாயை மூடிக்கிட்டுதானே இருந்தேன்? இனி முடியாது. தனிக்குடித்தனம்தான். வீட்டுத் தரகரிடம் பேசச் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது. "சரி" என்றார். அந்தச் "சரி"யில் உயிரே இல்லை.

மார்ச் 9, திங்கள்

அத்தையின் பட்டையைக் கொண்டுபோய் முதலாளியிடம் சொன்னேன். "திட்டும்போது பச்சையா? பட்டை பழுது. இந்த லட்சணத்துல இருபதாம் தேதி மானம் போயிடும்" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் தரவுகளைப் பார்க்கிறவர் — கணக்குப்புலி என்று கூப்பிடுவோம் — அதே பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். பளிச்சென்று மஞ்சள். பழுதெல்லாம் இல்லை.

அப்புறம் என்ன கோளாறு?

மார்ச் 10, செவ்வாய்

தரகர் ஒரு வீடு காட்டினார். சமையலறையில் ஒருவர் நிற்கலாம். இரண்டாமவர் வேண்டுமென்றால் முதலாமவர் வெளியே வர வேண்டும். பரவாயில்லை, பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

பிடித்திருக்கிறதா?

மார்ச் 12, வியாழன்

கணக்குப்புலி அத்தையின் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

"உங்க அத்தை சாயங்காலமானா எதையோ பாத்துப் பயப்படுறாங்க. மஞ்சள் ஏறிக்கிட்டே போகுது பாருங்க. அப்புறம் திடீர்னு பச்சை. டிவியில பேய்க்கதை எதுவும் பாக்குறாங்களா?"

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. லீவு விடுற பேய் போல."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பேன். மற்ற நாளெல்லாம் பச்சை விழுவது — நான் கதவைத் திறக்கும்போது.

அந்தப் பேய் நான்தான்.

வாசலில் என் தலை தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. அதற்குப் பிறகு வருகிறதே, அதுதான் திட்டு. நான் எரிச்சலோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் அப்போதுதான் மூச்சே விட்டிருக்கிறார். மனசைப் படிக்கிற கருவி செய்கிறவளாம் நான்! வெட்கக்கேடு.

மார்ச் 13, வெள்ளி

"அத்தை, நான் வர்ற வரைக்கும் பயந்துக்கிட்டா இருக்கீங்க?"

"பயமா? எனக்கா? தெருவில லாரி கொஞ்சமாவா போகுது? நீ அந்த ஸ்கூட்டர்ல காத்து மாதிரி வருவே. அவ்வளவுதான். போய்ச் சாப்பிடு."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

மார்ச் 20, வெள்ளி

முதலீட்டாளர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அத்தையை அழைத்துப் போயிருந்தேன். முதலாளி வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"இத்தனை பேரைக் காக்க வச்சிட்டு ஆடி அசைஞ்சு வர்றீங்களே! ஒரு போன் பண்ணத் தெரியாதா?"

செக்கச் சிவப்பு. பட்டையில் அப்படி ஒரு சிவப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதரோ குனிந்து பட்டையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றார். எப்படித் தெரிந்ததோ!

அப்புறம் கேட்டார்: "வீட்லயும் இப்படித்தான் சிவப்பா?"

"வீட்ல பச்சை சார்" என்றேன். அத்தை ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டம் தொடர்கிறது.

மார்ச் 21, சனி

தரகரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வீட்டுக்காரர் இன்று காலையிலிருந்து காரணமில்லாமல் பாட்டுப் பாடுகிறார். சகிக்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

அத்தை பழைய சக ஆசிரியைகளோடு எங்கோ போனார். இருட்டியும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர், "வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். லாரிகள், லாரிகள். இத்தனை லாரி எங்கிருந்துதான் வருகிறதோ இந்தத் தெருவுக்கு!

கடைசியில் ஆட்டோவிலிருந்து ஆடி அசைந்து இறங்கினார், கையில் ஒரு பொட்டலத்தோடு.

"எங்க போனீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இங்க ஒருத்தி செத்துப் பொழைக்கிறா, உங்களுக்கு அரட்டை கேக்குதா?"

எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. அது என் குரலா என்று எனக்கே சந்தேகம்.

அத்தை படியில் உட்கார்ந்தார். நிதானமாகச் செருப்பைக் கழற்றினார்.

"பரவாயில்லயே, நல்லாத்தான் திட்டுறே. நிறுத்தாதே, மிச்சத்தையும் சொல்லு" என்று என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.