சுடலைமணியின் கைக்கடிகாரம்

வியாழனின் நிலா யூரோப்பா, பனிக்கடி நிலையம்
நாள் 212, காலை 8:10
வழக்கமான பதிவு. எழுதுவது நாச்சியார், நிலையப் பொறியாளர். வெப்பம் சரி, காற்று சரி. பேச்சுக்கருவி மட்டும் பாதி ஊமை: வெளியிலிருந்து பேசினால் எனக்குக் கேட்கும், நான் பேசினால் வெளியே கேட்காது. அறுந்த கம்பியை ஒட்ட சுடலைமணி கடலுக்குள் இறங்குகிறான். வருகிற வழியில் வியாழனின் கதிர்வீச்சில் நீச்சலுடையின் மிச்சக் காற்றைக் காட்டும் மானி பொசுங்கியதிலிருந்து சாவி கொடுக்கிற கைக்கடிகாரம்தான் எங்களுக்குக் கணக்கு. நேற்று ஆயுதபூசை. ஸ்பேனர், கடிகாரம் ஒன்று விடாமல் அவன்தான் சந்தனம் அப்பி வைத்தான், மகாராசன்.

10:00
இறங்கிவிட்டான். மூன்று மணி நேரக் காற்று, ஒரு மணி வரைக்கும். இருக்கிற நீச்சலுடை அது ஒன்றுதான்.

11:20
என் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சாவித் திருகை மூடினால் பாதியிலேயே இறுகி நிற்கிறது. மரையில் காய்ந்த சந்தனம். அடியில் மயிரிழை இடைவெளி.
அவனுடையதும் இப்படித்தான் இருக்கும், அதை உடைக்கு மேலே கட்டிக்கொண்டு போயிருக்கிறான். கடிகாரத்தின் முதுகில் முந்நூறு மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று பொறித்திருந்து என்ன பயன்? திருகு ரப்பர் வளையத்தில் அழுந்தி உட்கார்ந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

12:05
"யக்கா, வாட்ச் கண்ணாடிக்குள்ள லேசா ஆவி படிஞ்சிருக்கு. ஓடுது, ஓடுது. மணி பதினொண்ணு நாப்பது."
இருபத்தைந்து நிமிடம் பின்தங்கிவிட்டது. உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. திரும்பி வர அவனுக்கு அரைமணி நேரம் வேண்டும்.

12:15
சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கடலைத் தொடும் சுவரில் அடித்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது?
"தட்டுச் சத்தம் கேக்குக்கா. அதுக்குள்ளயா சோத்துக்குக் கூப்பிடுதிய? இந்தா, முடிச்சிட்டு வாரேன்."
தினமும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது இப்படித்தான். ஆபத்துக்கென்று தனியாகத் தட்டும் முறை ஒன்றை நாங்கள் பேசி வைக்கவேயில்லை. படித்த முட்டாள்கள்.

12:40
அடித்துக்கொண்டே இருக்கிறேன். தட்டு நெளிந்துவிட்டது. சிரிக்கிறான்.
"இன்னிக்கு என்னக்கா இம்புட்டு அவசரம்? எனக்குப் பசிக்கவே இல்ல."
வாடா. கம்பி நாசமாய்ப் போகட்டும், வந்துவிடடா.

12:58
"மூச்சு ஒரு மாதிரி கனக்குக்கா. குளுரா இருக்கும். மணி இன்னும் பன்னெண்டு ஆவல, ஒரு மணி நேரக் காத்து கெடக்குல்லா. கடைசி முடிச்சுதான்."
ஸ்பேனரால் அடிக்கிறேன். மறு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது.

1:06
பேச்சு இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். இழுத்து இழுத்து

1:09
பேச்சுக்கருவியில் பச்சை விளக்கு எரிகிறது. கம்பியை ஒட்டிவிட்டான்.
இப்போது நான் பேசினால் அவனுக்குக் கேட்கும். "மணி, வாட்ச் தப்பு, உடனே திரும்பு" என்று கத்துகிறேன். மூச்சுச் சத்தம் இல்லை. கத்துகிறேன். என் குரல் வெளியே நன்றாகப் போகிறது