கையால் காட்டிய அளவு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உன் அக்கா வீட்டுப் பூனை குட்டி போட்ட கதைதான் ஒரு பக்கம் இருந்தது. நீ எழுதாமல் விட்டதிலேயே வலி எவ்வளவு என்று புரிந்துகொண்டேன்.

மருந்துக் கடையில் வாங்கிய எலாஸ்டிக் பெல்ட்டைத் தூக்கிப் போடு. என் அலுவலக வாசலுக்கு எதிரே ஓர் அம்மா கார்செட், அதுதான் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கச்சு, தைக்கிறார். மேடை நடிகைகளுக்கும் மணப்பெண்களுக்கும் இடுப்பு சிறுத்துத் தெரியத் தைப்பவர், முதுகு அடிபட்டவர்களுக்கும் தைக்கிறாராம். உன் மருத்துவரிடம் கேட்டேன், நல்ல கையாக இருந்தால் தாராளமாகப் போடட்டும் என்றார். பிளாஸ்டிக் பட்டை வைத்தால் சீக்கிரம் வளைந்துவிடுமாம். அதனால் எஃகுப் பட்டை, இரண்டு அடுக்குப் பருத்தித் துணி, முன்பக்கம் கொக்கி, பின்பக்கம் நாடா என்று முடிவு செய்தேன். நிறம் சாம்பல், அழுக்குத் தெரியாது.

"அளவு எங்க சார்?" என்றார். என்னிடம் இல்லை. "சம்சாரத்தோட இடுப்பு எவ்வளவுன்னு தெரியாதா?" என்றார். வெட்கத்தை விட்டு, உன்னைக் கட்டிக்கொள்வதுபோல் இரண்டு கையையும் வளைத்துக் காட்டினேன். உள்ளே டேப்பை விட்டு அளந்துகொண்டார். கடையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டியபோது "கொஞ்சம் நிறுத்துங்க, கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டுப் போலாம்" என்று நீ சொன்னாய். "இதோ வந்துட்டோம்" என்றேன். விபத்தில் எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உனக்கு இப்படி. மன்னித்துவிடு என்று எழுதி எழுதிக் கைதான் ஓய்கிறது, மனம் ஆறவில்லை.

இவன்


மார்ச் 19

என்னவருக்கு,

அளவு பார்க்க அந்த அம்மா தைத்த மாதிரித் துணி வந்தது. போட்டுப் பார்த்தேன். அக்காவையும் உள்ளே கூப்பிட்டிருந்தால் அவளுக்கும் இடம் இருந்திருக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பிறகு அவள் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உங்கள் கை பொய் சொல்லவில்லை. அது விபத்துக்கு முந்தைய ஆளின் அளவு. படுத்துக் கிடந்ததில் நான் பாதியாகிவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டிருந்தால்தானே தெரியும்? வந்தபோதெல்லாம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தீர்கள். அழுதீர்கள். முதுகில் கட்டோடு எட்டி உங்கள் கண்ணைத் துடைத்துவிட்டது நான். நீங்கள் கிளம்பிப் போன பிறகு எனக்கு வலி இரண்டு மடங்காகும். பிறகு வருவதையும் நிறுத்திக்கொண்டீர்கள்.

வெந்நீர்ப் பை வந்தது. கழுத்துத் தலையணை வந்தது. பிடி வைத்த கம்பு வந்தது. இப்போது கார்செட். அக்கா வீட்டில் ஒரு கடையே போடலாம். நீங்கள் மட்டும் எந்தப் பார்சலிலும் வரவில்லை.

அப்புறம், சாம்பல் நிறமா? பள்ளிக்கூடப் பை தைக்கிறீர்களா?

வாயாடி


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நீ திருப்பி அனுப்பிய மாதிரித் துணியைக் கொடுத்து, அதோடு தனிச் சீட்டில் நீ எழுதியிருந்த புது அளவையும் நீட்டினேன். அந்த அம்மா வாங்கவே இல்லை. "உக்காந்தா ஒரு அளவு, நின்னா ஒரு அளவு, மூச்சு விட்டா இன்னொரு அளவு. ஆளைக் கூட்டிட்டு வாங்க சார், எத்தனை நாள்தான் தபால்லயே குடும்பம் நடத்துவீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

நானே வந்து உன்னை ரயிலில் அழைத்து வர வேண்டும். அதுதான் முறை. அலுவலகத்தில் விடுப்பு தரமாட்டார்கள் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், மேலே பார். கேட்டால் தருவார்கள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பார்த்தால் மறுபடி அழுவேன், நீ மறுபடி என்னைத் தேற்றுவாய். அந்தப் பாவத்தையும் சேர்த்துக்கொள்வானேன்?

கொஞ்ச நாள் பொறு. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வருகிறேன்.

இவன்


ஏப்ரல் 17

என்னவருக்கு,

கோபப்படாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். அக்கா ஒரு பக்கம், கம்பு ஒரு பக்கம். ரயிலில் ஒரு புண்ணியவதி கீழ்ப் படுக்கையை விட்டுக் கொடுத்தாள்.

கார்செட் அம்மா பெரிய ஆள்தான். மார்புக்குக் கீழிருந்து இடுப்பெலும்பு வரை தடவித் தடவிப் பார்த்து, வலிக்கிற இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். ஒரு மணப்பெண்ணுக்காகத் தைத்து, அவள் வாங்காமல் விட்டுப் போன கார்செட் ஒன்று கிட்டத்தட்ட என் அளவில் இருந்தது. அடர்சிவப்பு. அதையே பிரித்து என் உடம்புக்குத் திருத்திக் கொடுத்தார். நாடாவை ஒரேயடியாக இறுக்காமல், கொஞ்சம் இறுக்கி, நடக்கவிட்டு, உட்காரவிட்டு, குனிந்து செருப்பு மாட்டச் சொல்லி, மறுபடி கொஞ்சம் இறுக்கினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு யாரையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்றேன். எனக்கே நம்ப முடியவில்லை.

கடைசியில், "இப்ப நல்லா வாய்விட்டுச் சிரிம்மா, விலாவுல இடிக்குதான்னு பார்க்கணும்" என்றார். சிரிக்கச் சொன்னால் எங்கிருந்து வரும்? திருதிருவென விழித்தபடி ஜன்னல் வழியே பார்த்தேன்.

எதிரே, உங்கள் அலுவலக வாசல் தேநீர்க் கடையில் நீங்கள். கையில் கிளாஸ். பக்கத்தில் ஒரு குண்டு ஆசாமி ஏதோ நடித்துக் காட்டுகிறார். நீங்கள் தலையைப் பின்னால் சாய்த்து, தேநீர் சட்டையில் கொட்டுவதுகூடத் தெரியாமல் சிரித்தீர்கள். உங்களைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எங்கேயும் இடிக்கவில்லை.

அக்கா உங்களைக் கூப்பிட வாசலுக்கு ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னைப் பார்த்த நொடியில் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போகும்வரை ஜன்னல் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இதைப் படித்ததும், அன்று சிரித்ததற்காக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்காருவீர்கள். எழுதாதீர்கள். காரை ஓட்டியவரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன். எத்தனை முறை சொல்வது? அழுகிறவரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தேநீர்க் கடையில் நின்றவர் எப்போது வந்தாலும் வரட்டும், கதவைத் திறந்துவிடும் அளவுக்கு எனக்கு நடக்க வருகிறது. அழுகிறவர்தான் வருவதாக இருந்தால், வர வேண்டாம்.

வாயாடி