மெஹரின் சிவப்புக் கட்டம்

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். ஆனாலும் ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட என் லுங்கி பக்கத்து வீட்டில்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் ஞாபகப் பரிசோதனை. வாரம் ஒரு முறை. சென்னையிலிருந்து மகள் ஷாஹினா எங்கள் இருவர் போனிலும் ஏற்றிவிட்ட ஆப். நான் டிமிக்கி கொடுத்துவிடுவேன். என் மனைவி மெஹர் ஒழுங்காக உட்காருவாள். படம் பார்த்துப் பெயர் சொல்வது, எல்லாம் சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, என்னைவிட வேகம். இன்று என்ன கிழமை? வெள்ளி என்றாள். தப்பு என்று சிவப்புக் கட்டம். போன வாரமும் இதே பதில், இதே சிவப்பு.

ஷாஹினாவுக்கு அங்கே தெரிந்துவிடும். என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசினாள். டாக்டரிடம் காட்டச் சொல்கிறாள். பயமாக இருக்கிறது. பாதி ஆயுளைக் குவைத்தில் விட்டுவிட்டு இவளோடு இருக்கத்தானே வந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

வாங்க வேண்டியது: சீரகம், கடிகார பேட்டரி, அவளுக்கு மூட்டுத் தைலம்.

பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் ஸ்ரீரங்கம், டாக்டரம்மாவிடம். ஜன்னல் சீட் அவளுக்கு. காவிரியில் நல்ல தண்ணீர். டாக்டரம்மா கிழமை கேட்டார். சனி, சட்டென்று. நேற்றைய சமையல்? தால்சா. அதில் உப்புக் குறைவு என்று நான் முகம் சுளித்தது வரை ஒப்பித்துவிட்டாள். கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை, எதற்கும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். இவளைக் கவனிப்பதைத் தவிர எனக்கு வேறென்ன வேலை.

தைலம் வாங்க மறந்தது நான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

மஃரிப் முடிந்தது. போன். கிழமை? மறுபடி வெள்ளி. சிவப்பு. பொறுக்க முடியாமல், இன்றைக்கு வியாழன் இல்லையா என்று கேட்டே விட்டேன்.

"பகல்லதாங்க வியாழன். மஃரிப் ஆயிடுச்சுல்ல, இப்ப வெள்ளி ராவு. இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். பொழுது சாய்ந்தால் அடுத்த நாள், அது எங்கள் வீட்டுக் கணக்கு. போனுக்கு நள்ளிரவு ஆகவேண்டும். டாக்டரம்மா கேட்டது காலையில். பெரிய மூளை எனக்கு, இது உறைக்கவில்லை.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "குவைத்துலேருந்து நீங்க பேசுனதெல்லாம் வெள்ளி ராவுலதான். அதைப் போய் மறப்பேனா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இரண்டு தடவை.

இன்று டிமிக்கி இல்லை. என் போனையும் எடுத்து உட்கார்ந்தேன். கிழமை?

வெள்ளி என்றேன்.

சிவப்பு. போன் அடிக்கிறது. ஷாஹினாதான்.