தலை வெட்டிய அறுபது கன்றுகள்

மச்சான்,

இன்று காலை பரணில் குடையைத் தேடப்போய், என் பழைய கவ்வாத்துக் கத்தி காலடியில் வந்து விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் நானும் நீ இருக்கும் இடத்துக்கே வந்திருப்பேன். எத்தனையோ ஆயிரம் தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிய கத்தி. பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும்போல் இருந்தது.

முப்பது வருடம் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை, நீ நர்சரி ஆள். காலைப் பெரட்டில் வேலைக்கு நான் பேர் கூப்பிட்டால் "ஐயா" என்பாய். பெரட்டுக் களத்தைத் தாண்டியதும் "டேய்" என்பாய். ஓய்வுக்குப் பிறகு "டேய்" மட்டும்தான் மிஞ்சியது.

நம் லயத்து வீடுகளுக்கு ஊற்றுநீர் கொண்டுவரும் பீலியில் தண்ணீர் நூலாய் இளைத்தபோது, "மேட்டுல காட்டு மரம் நின்னாத்தான்டா ஊத்து நிக்கும்" என்று சொன்னவன் நீ. காட்டுக்குள் போய் நாவல், நாகமரம், கும்புக் விதைகளைப் பொறுக்கி, காலிப் பால்மா பக்கற்றுகளில் இரண்டு வருடம் வளர்த்தாய். உன் பிள்ளைகளைக்கூட நீ அப்படிக் கொஞ்சியதில்லை. அறுபது கன்றுகள். அவற்றை நடப் பள்ளிக்கூடமே புறப்பட்டு வந்தது. அந்தப் படைக்குச் சேனாதிபதி நான், வேறு யார்? மேட்டில் ஏறி முடித்தபோது, என் பூட்டன் கடல்தாண்டி வந்ததெல்லாம் ஒரு பயணமா என்று தோன்றியது.

நட்டு முடிந்ததும் பிள்ளைகளுக்குத் தேநீர் கொண்டுவர நீ இறங்கிப் போனாய். சேனாதிபதியால் சும்மா இருக்க முடியுமா? இளம் தேயிலை என்றால் நுனியை வெட்டுவோம், அப்போதுதான் பக்கவாட்டில் விரியும். முப்பது வருடப் பழக்கம், கை என்னைக் கேட்டுக்கொண்டா செய்யும்? "பாத்துக்கங்க புள்ளைங்களா, இதுதான் தொழிலு!" என்று கத்தியை எடுத்தேன். அறுபது தலையும் போயின.

தேநீர் வாளியோடு வந்த நீ அதைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கன்றின் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாய். இவை உயர வேண்டிய மரங்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

பள்ளிக்கூட அதிபரம்மா உன்னிடம் வந்தார். "ஏங்க, எல்லாம் மொட்டையா நிக்குதே, இது சரிதானா?"

என் மானம் முழுவதும் உன் நாக்கு நுனியில் தொங்கியது.

"ஆமாங்க டீச்சர். ஐயா தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு. நல்லா வேர் புடிக்கும்."

இறங்கும் வழியில் என் பக்கம் திரும்பினாய். "டேய், நாளைக்கே தண்ணி தூக்கிட்டு வா. ஒன்னு செத்தாலும் அந்தக் குழியில ஒன்னயத்தான் நடுவேன்."

மூன்று வருடம் அந்த மேட்டில் ஏறினாய். ஒவ்வொரு மொட்டைக் கன்றிலும் பக்கத்தில் துளிர்த்ததில் பலமானதை மட்டும் விட்டு, குச்சி நட்டு நிமிர்த்திக் கட்டினாய். எனக்காகச் சொன்ன பொய்யைக் கன்று கன்றாக உண்மையாக்கினாய். நான் தண்ணீர் சுமந்தேன். மகாவலி ஆற்றில் பாதி என் தோளேறித்தான் போயிருக்கும். ஒன்பது செத்தன. (என்னை நடாமல் விட்டாய்.) ஐம்பத்தொன்று நிற்கின்றன. இந்தப் பங்குனி வெயிலிலும் பீலி வற்றவில்லை, மச்சான். அதைப் பார்க்கத்தான் நீ இல்லை.

அந்த மரங்களுக்காகப் போன வாரம் பள்ளியில் எனக்குப் பொன்னாடை. "ஐயாவின் கைநுணுக்கத்தால்" என்று அதிபரம்மா தொடங்கினார். மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு பெரகல சந்திவரை கேட்டிருக்கும். முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "அந்த மாமா ஒங்கள ஏசவே இல்லையா?"

"ஏசினாரு கண்ணு. ஆனா யாரு முன்னாடியும் இல்ல. ஏசிட்டு என் கூடவே நின்னாரு."

நேற்று வீட்டில் விருந்து. உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் மருமகன் பாயசத்தில் உப்பைக் கொட்டிவிட்டான். சம்பந்தி முகம் சுளிக்குமுன், "எங்க பக்கம் இப்படித்தாங்க" என்று இரண்டு கோப்பை குடித்தேன். பிறகு அவனைக் குசினிக்குள் இழுத்துப்போய் ஆசை தீர ஏசினேன். ஏசி முடித்து, இருவரும் சேர்ந்து புதிதாகக் காய்ச்சினோம்.

எங்களுக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது, மச்சான். உனக்குத்தான் என்னால் மூன்று வருடம் ஆனது.