கண்ணாடி முன்னால் மணி பிளான்ட்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நலம். வேலைக்கு வந்த இந்த ஊரில், நான் செடி பராமரிக்கும் அலுவலகம் ஒன்றின் வரவேற்பறையில் உயரமான செடியின் இலைகளைத் துடைக்கும்போது முக்காலி சரிந்துவிட்டது. மணிக்கட்டில் லேசான வீக்கம், அவ்வளவுதான்.

நேற்று வீடியோவில் நம் மணி பிளான்ட்டைக் காட்டினீர்கள். என்னிடம் நோஞ்சானாக நின்றது, இப்போது கண்ணாடி வரை படர்ந்திருக்கிறது. "எல்லாம் பக்கத்து வீட்டம்மா கைராசி. தினமும் வந்து தண்ணி ஊத்துறாங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. கண்ணாடி முன்னால் இருந்த என் சீப்பு எங்கே?

முதலில் அவளிடமிருந்து நம் வீட்டுச் சாவியை வாங்குங்கள். சீப்பைத் தேடி அதே இடத்தில் வையுங்கள். தண்ணீரை நீங்களே ஊற்றுங்கள். மறந்தாலும் பரவாயில்லை. வாடினால் உங்கள் கையால் வாடட்டும்.

அடுத்த அலுவலகத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது.

இன்னும் உங்கள் மனைவிதான்,
நான்